விற்கச் சொல்பவரும் குழுவில் இருக்கட்டும்

சேலத்து ஷேர் மார்க்கெட் வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற ஸ்கிரீன்ஷாட்டெல்லாம் லாபம் காட்டும் பச்சையாகவே இருக்கும். ஆனால் 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்கிற முன்பேர) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அந்த 93 சதவீதம் பேர் நம் குழுக்களிலும்தான் இருக்கிறார்கள். வாயைத் திறந்தால் கிண்டல் வரும் என்று சும்மா இருக்கிறார்கள்.

நஷ்டத்தைச் சொல்வது இருக்கட்டும், சந்தேகம் கேட்டாலே ஆபத்து. போன வாரம் ஒரு குழுவில், எல்லோரும் மல்டிபேக்கர் (பல மடங்கு ஏறும் பங்கு) என்று கொண்டாடிய ஒரு சின்ன கம்பெனியைப் பற்றி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒருவர் கேட்டார்: "ப்ரொமோட்டர் பங்கில் பாதிக்கு மேல் அடமானத்தில் இருக்கே, பார்த்தீங்களா?" பதிலாக வந்தவை: "விலை ஏறுதுன்னு வயித்தெரிச்சலா?", "நீங்க விக்கிறதுன்னா வித்துட்டுப் போங்க சார்." சாயங்காலத்துக்குள் அட்மின் அவரைத் தூக்கிவிட்டார்.

அவர் கேட்டது அடிப்படைக் கேள்வி. பங்கை அடமானம் வைத்து ப்ரொமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, கடன் வாங்கியிருக்கும்போது விலை இறங்கினால், கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் அடமானப் பங்கைச் சந்தையில் விற்பார், விலை இன்னும் சரியும். இதைப் பார்க்க உள்வட்டத் தகவலும் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி தாக்கல் செய்கிற பங்குதாரர் விவரத்தில், மும்பைப் பங்குச் சந்தையான பிஎஸ்இயின் தளத்திலேயே இருக்கிறது. எடுத்துப் பார்த்து, "ஆமாம், ஆனால் கடன் குறைந்துகொண்டு வருகிறது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் லாபம்.

நம்மூர் ஜவ்வரிசி உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் ஜவ்வரிசி மாதிரியைப் பார்த்துவிட்டு வியாபாரிகள் ஆளுக்கொரு விலை டெண்டர் போடுகிறார்கள். குறைத்துப் போட்டவரை யாரும் துரோகி என்பதில்லை. ஷேரிலும் அப்படித்தானே? நீங்கள் ஒரு பங்கை வாங்குகிற நொடியில் அதை ஒருவர் விற்கிறார். அவருக்கும் உங்கள் கருத்தே இருந்திருந்தால் பங்கு உங்கள் கைக்கு வந்திருக்காது.

சரி, எதிர்க்கருத்து சொல்கிறவர்கள் எல்லாம் உத்தமர்களா? இல்லை. விலை சரிந்த அன்று வந்து "நான் அப்பவே சொன்னேன்" என்று சிரிக்கிற ஆளை எனக்கும் பிடிக்காது. அங்கே மகள் கல்யாணப் பணத்தைப் போட்டவரும் படித்துக்கொண்டிருப்பார். அப்புறம், எதைச் சொன்னாலும் இரண்டை மறைக்கக் கூடாது: அந்தப் பங்கு உங்கள் கையில் இருக்கிறதா, எவ்வளவு காலத்துக்குப் பேசுகிறீர்கள். அன்றே வாங்கி அன்றே விற்பவரும் பத்து வருஷம் வைத்திருப்பவரும் ஒரே பங்கைப் பற்றி நேர்மாறாகப் பேசலாம். இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பாதிச் சண்டை இது தெரியாமல் நடப்பதுதான்.

பொறுமைக்கு எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "மாதம் இத்தனை சதவீதம் உறுதி, பணம் கட்டினால் டிப்ஸ்" என்று வருகிறவர் சொல்வது மாற்றுக்கருத்து இல்லை. செபியில் பதிவு செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு பங்கு ஆலோசனை சொல்வது சட்டப்படி தப்பு. பதிவு பெற்றவரும் லாபத்துக்கு உறுதி கொடுக்கக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள், செபி தளத்தில் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் அட்மின் தாராளமாகத் தூக்கட்டும், எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை.