404 டிஎம்சி கர்நாடகா தர வேண்டியது இல்லங்க

"காவிரில கர்நாடகா வருஷா வருஷம் 404 டிஎம்சி (ஒரு டிஎம்சின்னா நூறு கோடி கன அடி) திறந்து விடணும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு"ன்னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, லைக் வேற அள்ளுது. தப்புங்க அது. 404.25ங்கறது காவிரில தமிழ்நாட்டோட மொத்த பங்கு, நம்ம பக்கம் பெய்யுற மழை, பவானி, அமராவதி தண்ணி எல்லாம் சேர்த்து. கர்நாடகா, எல்லையில தண்ணிய அளக்கற பிலிகுண்டுலுல கணக்கு காட்ட வேண்டியது 177.25 தான். 2007ல காவிரி நடுவர் மன்றம் 192ன்னு சொன்னத 2018ல சுப்ரீம் கோர்ட் கொறச்சு அந்த 14.75ஐ கர்நாடகாவுக்கு குடுத்துச்சு, அதுல 4.75 பெங்களூரு குடிதண்ணிக்கு, மிச்சம் 10க்கு காரணம் நம்ம டெல்டால நிலத்தடி நீர் இருக்காம் (இது இன்னிக்கும் எனக்கு ஜீரணமாகல).

உண்மையான சண்டை மாசக் கணக்குலதான். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, இந்த நாலு மாசத்துலயே 123 டிஎம்சி வந்தாகணும். ஜூலைல தராம, பிறகு டேம் ரொம்பி வழியறப்ப மொத்தமா தள்ளிவிட்டுட்டு வருஷக் கடைசில டோட்டல காட்டினா ஜூன்ல ஆரம்பிக்கற குறுவை நெல்லுக்கு என்ன பிரயோஜனம்? மழை பொய்ச்ச வருஷம் எல்லாரும் அதே விகிதத்துல கொறச்சுக்கணும்னு இருக்கு, ஆனா எப்படி கணக்கு போடறதுன்னுதான் காவிரி மேலாண்மை ஆணையக் கூட்டத்துல மல்லுக்கட்டு. 404ன்னு தப்பா பேசினா எதிர்ல இருக்கறவன் ஒரே வரில நம்ம வாய அடைச்சிருவான், 177.25ஐ பிடிச்சு கேளுங்க.