மருத்துவ மாணவரில் 56 வீதமானோர் பரீட்சையில் பார்த்தெழுதுகிறார்களா?

"மருத்துவ மாணவரில் 56 வீதமானோர் பார்த்தெழுதித்தான் வைத்தியராகிறார்கள், கூடப் படிப்பவர்கள் தெரிந்தும் மறைக்கிறார்கள்" என்றொரு செய்தி மட்டக்களப்பு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது பிழையானது.

அந்த எண் ஸ்கொட்லாந்தின் டண்டீ மருத்துவக் கல்லூரியில் 461 மாணவரிடம் நடத்தப்பட்டு, 2001 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்விலிருந்து பிய்த்தெடுக்கப்பட்டது. ஒரு நூலின் வரிகளை அப்படியே ஒப்படையில் எழுதிவிட்டு, அந்நூலை உசாத்துணைப் பட்டியலில் மட்டும் குறிப்பிடுவதைச் செய்ததாகவோ செய்ய யோசிக்கக்கூடும் என்றோ கூறியவர்களே அந்த 56 வீதத்தினர். பட்டப் பரீட்சையில் விடையைப் பார்த்தெழுதுவதற்கு அவ்வாறு பதிலளித்தவர்கள் வெறும் 2 வீதத்தினர். செய்தவரையும் செய்ய நினைப்பவரையும் சேர்த்தே எண்ணிய அக்கணக்கை மட்டக்களப்பிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் தலையில் கட்டுவது எவ்வகையிலும் நியாயமன்று.

நோயாளியின் நரம்புகளைச் சோதிக்க முழங்காலில் சுத்தியலால் தட்டிக்கூடப் பார்க்காமல் "நரம்பு மண்டலம் இயல்பு" என எழுதுவதையும் அவ்வாய்வு கேட்டது. என் பார்வையில் பார்த்தெழுதுவதைவிட அதுவே பாரதூரமானது, ஆனால் பரப்புவோர் அதைத் தொடவேயில்லை.

மறைக்கிறார்கள் என்பதில் மட்டும் ஒரு துளி உண்மையுண்டு. பிழையெனத் தெரிந்தும் சக மாணவரைப் பற்றி முறையிட மாணவர் தயங்குவது பல நாடுகளிலும் காணப்பட்டதே. எனினும், ஒரே விடுதியில் உண்டு உறங்கி, ஒரே வார்ட்டில் நிற்கப்போகும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கத் தயங்குவதும், மோசடிக்கு உடந்தையாவதும் ஒன்றல்ல.