மரவள்ளிக் காட்டுக்கும் இந்தச் சட்டம் உண்டு

வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று உங்கள் இதழில் கட்டுரையாளர் முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. 2022இல் அந்தச் சட்டத்தின் கீழ் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு விதித்த 1,337 கோடி ரூபாய் அபராதம் எல்லார் கண்ணிலும் படுகிறது. சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காடு படுவதில்லை.

கிழங்கு பிடுங்கும் வாரத்தில் அதை வாங்கி ஜவ்வரிசி செய்யும் நான்கு ஆலைகளுக்குப் போன் செய்கிறேன். நான்கிலும் மாவுச்சத்துப் பாயிண்டுக்கு, அதாவது கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவுக்கு, ஒரே விலை, சொல்லிவைத்தாற்போல. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். பேரம் பேச நேரம் ஏது?

2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விற்பவர்களின் கூட்டணியை மட்டும் குறிப்பதல்ல. வாங்குபவர்கள் கூடிக் கொள்முதல் விலையைத் தீர்மானிப்பதும் அதில் அடக்கம். அதற்காக, ஒரே விலை என்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. ஜவ்வரிசி விலை சரிந்தால் ஆலைகள் தனித்தனியாகவும் குறைக்கலாம், அது நியாயம்தான். பேசிவைத்தார்கள் என்பதற்குச் சான்று வேண்டும். விவசாயி அங்கேதான் தோற்கிறான்.

கூட்டில் இருந்தவரே முன்வந்து உண்மையைச் சொன்னால் அபராதம் குறையும் என்கிறது 46ஆம் பிரிவு. எங்கள் பக்கம் ஆலைக்காரர்கள் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் சம்பந்திகள். யார் வாய் திறப்பார்கள்?

என்ன மாதிரிச் சான்று இருந்தால் போட்டி ஆணையம் புகாரை ஏற்கும் என்று அடுத்த கட்டுரையில் எழுதுங்கள் ஐயா. எடைச்சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன்.