என் நாய்க்குச் சீப்பு வேண்டாம்

இன்று காலை நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் மூன்று பேர். மூன்றாமவர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, "வாயில்லா ஜீவன் சார் அது. வளர்க்கத் தெரியலைன்னா எதுக்கு வாங்குறீங்க? ஒரு சீப்பு எடுத்துச் சீவிவிட எவ்வளவு நேரம் ஆகப் போகுது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. அவருக்குச் சொல்ல முடியாமல் விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன்.

சிக்கு வேறு, சடை வேறு ஐயா! என் நாயின் மேல் கயிறு கயிறாகத் தொங்குவது சடை. அந்த இனத்துக்கு முடியே அப்படித்தான்.

இனத்தின் பெயரைச் சொல்லலாம் என்றால் அதிலும் ஒரு தொல்லை. "என்ன ஜாதி நாய் இது?" என்பார்கள். "புலி" என்பேன். "நாயைக் கேட்டா புலிங்கிறீங்களே, நக்கலா?" என்று முறைப்பார்கள். நான் என்ன செய்ய? ஹங்கேரிக்காரர்கள் வைத்த பெயரே அதுதான். ஆடு மேய்க்கிற நாய், 10 முதல் 15 கிலோ இருக்கும், சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. இதற்குக் கொமொண்டோர் என்று ஒரு பெரியண்ணன் உண்டு. வெள்ளை நிறம், ஆண் நாய் தோள் வரைக்கும் 70 செ.மீ.க்குக் குறையாது. அது மந்தைக்குக் காவல் நாய். ஓநாய் பாய்ந்தாலும் பல் தோலில் இறங்காதபடி தடுக்கிற கவசம் அந்தச் சடை. இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து பெர்கமாஸ்கோ இன்னொரு ரகம். அதன் முடி கயிறாகத் திரளாமல் பட்டை பட்டையாகத் தொங்கும். இத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் போயிருப்பார். ஆனால் மார்க் சக்கர்பெர்க் 2011இல் வாங்கிய நாயும் இதே புலி இனம்தான் என்று சொல்லிப் பாருங்கள், அதே வாய் "அப்படியா, அப்போ காஸ்ட்லி நாய்னு சொல்லுங்க" என்று குழையும். அதுவரைக்கும் நான் கொடுமைக்காரன்.

சீவாமல் விட்டால் சடை தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள்தான் என் முதல் எரிச்சல். புலி நாய்க்கு மேல்பக்கம் முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்முடி. மற்ற நாய்களுக்கு உதிர்கிற அடிமுடி தரையிலும் சோபாவிலும் கிடக்கும். இதற்கு அது மேல்முடியிலேயே மாட்டிக்கொண்டு, பின்னி, இறுகும். குட்டியாக இருக்கும்போது வெறும் பஞ்சு உருண்டைதான். 8, 10 மாதமாகும்போது திரள ஆரம்பிக்கும். அப்போதிருந்து கொத்துக் கொத்தாகப் பிடித்து, தோல் வரைக்கும் விரலால் பிரித்துவிட வேண்டும். நான்கு நாள் சோம்பினால் பக்கத்துக் கொத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே விட்டால் முதுகு முழுக்க ஒரே பாயாகி, தோலுக்குக் காற்றே போகாது. நான் டிவி பார்த்தே வருடக் கணக்காகிறது. உட்கார்ந்தால் மடியில் நாய், கையில் சடை. ஒரு காதை முடிப்பதற்குள் அது தூங்கிவிடும். சடை தரையைத் தொட நான்கைந்து வருடம் ஆகும்.

குளிப்பாட்டுவது தனிக் கூத்து. சடைக்குள் தண்ணீர் இறங்கவே நேரம் பிடிக்கும். இறங்கிவிட்டால் வெளியே வராது. சோப்பு உள்ளே தங்கினால் அரிப்பு, ஈரம் தங்கினால் பூஞ்சை. ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, துண்டை மாற்றி மாற்றி ஒற்றி எடுத்து, பிறகு மின்விசிறிக்கு முன்னால் கிடத்த வேண்டும். முழுதாகக் காய ஒரு நாள் ஆகும், சமயத்தில் இரண்டு நாள்கூட. நடுவில் வீட்டில் அடிக்கிற வாசனை, ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்து வைத்த வாசனை. இவ்வளவும் செய்துவிட்டு வெளியே போனால் "குளிப்பாட்டவே மாட்டீங்களா?" என்கிறார்கள்.

மாப்பு, மிதியடி, நடமாடும் வைக்கோல் போர் என்று ஆளாளுக்குச் சொல்வதை விட்டுவிடலாம், பழகிவிட்டது. கண் தெரியுமா என்று முன்முடியை ஒதுக்கிப் பார்ப்பதும் சரி, போகட்டும். (தெரியும். நீங்கள் கையில் மறைத்து வைத்திருக்கும் பிஸ்கட்டும் தெரியும்.) ஆனால் நகம் வெட்டுவதற்காக ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் விட்டுவிட்டு வந்ததை மட்டும் மன்னிக்க முடியவில்லை. நகம் மட்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். திரும்பிப் போனால், "காதுப் பக்கம் ரொம்பச் சிக்கா இருந்தது சார், எடுத்துட்டோம். அதுக்குக் காசு வேண்டாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்கிறார்கள். இடது காதுக்குப் பின்னால் மொத்தமும் போயிருந்தது. மூன்று வருடச் சடை, குப்பைக்கூடையில்! நாய் என்னைப் பார்த்து வாலாட்டுகிறது. நான் அந்தக் குப்பைக்கூடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதைவிடக் கோபம் வருவது வேறொரு கூட்டத்தின் மேல். நீளமுடி நாயை மாதக் கணக்கில் தொடாமல் போட்டுவிட்டு, அக்குளில் கட்டி கட்டியாகச் சிக்கு இறுகி, அது நடக்கும்போதே தோல் இழுபடுகிறது என்று தெரிந்தும், "உங்க நாய் மாதிரிதான் சார், இதுவும் ஸ்டைல்" என்கிறார்களே, அவர்கள். ஷிட்சுவுக்கு ஏதய்யா சடை? அது சிக்கு. அடியில் தோல் புண்ணாகும், உண்ணி ஒளிந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. பராமரிக்க முடியவில்லையா, ஒட்ட வெட்டி விடுங்கள். புலி வளர்க்கிறவர்களிலும் அப்படி வெட்டிவிடுகிறவர்கள் உண்டு, அதில் ஒரு தப்பும் இல்லை. என் நாயைக் காட்டித் தப்பிக்காதீர்கள். என்னை நிறுத்திப் பாடம் எடுத்தாரே ஹெல்மெட்காரர், அவர் நிறுத்த வேண்டிய வீட்டு வாசல் அதுதான்.

பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் ஒரு சீப்பு வாங்கி வந்து கொடுத்தார். நல்ல மனசு, திட்டவும் முடியவில்லை. வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். அதில் ஏற்கெனவே இரண்டு கிடக்கின்றன.

சரி, நேற்றுக் குளிப்பாட்டியது. அடிவயிற்றுப் பக்கம் இன்னும் ஈரம். புரட்டிப் போட வேண்டும்.