ட்ரிக் ஷாட் அடிப்பவனை சர்க்கஸ்காரன் என்று திட்டும் அன்பர்களுக்கு

பூல் என்பது மேஜையில் கியூ என்கிற கோலால் பந்தை அடித்துக் குழியில் போடுகிற ஆட்டம். அதில் வித்தை காட்டுகிற ட்ரிக் ஷாட் வீடியோ எதைத் திறந்தாலும் கீழே ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பார். "இதெல்லாம் சரி, இவனை ஒரு டோர்னமென்ட்ல ஜெயிக்கச் சொல்லு பார்ப்போம்." அதற்கு லைக்கும் குவிந்திருக்கும். போன வாரமும் அப்படி ஒன்று கண்ணில் பட்டது, அதனால்தான் இந்த நீளப் பதிவு. என் கட்சி என்னவென்றால், பூல் ஆட்டத்தில் வித்தை காட்டுவது ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சமாச்சாரமே கிடையாது. அந்த ஆட்டக்காரர்களுக்கு நூறு வருஷமாகச் சோறு போட்டதே அதுதான். கோப்பை ஜெயிப்பதெல்லாம் விசிட்டிங் கார்டு. அந்தக் கார்டைக் காட்டி எங்கேயாவது நாலு பேர் முன்னால் நின்று அடித்தால்தான் காசு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நான் சொல்வது பூல், ஸ்னூக்கர் அல்ல. ஸ்னூக்கருக்கு நம் ஊட்டி கிளப்பில் வைத்து விதி எழுதினார்கள், இங்கிலாந்தில் டிவி வந்ததும் அது பணக்கார விளையாட்டாகிவிட்டது, அங்கே உலக சாம்பியனுக்கு 5 லட்சம் பவுண்டு. பூல் வளர்ந்தது அமெரிக்காவில், புகை மண்டிய ஹால்களில், பந்தயக் காசில். அந்தப் பிறப்பு அதை இன்னமும் விடவில்லை.

1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் பெரிய சாம்பியன் ரால்ஃப் கிரீன்லீஃப். உலகப் பட்டங்களை அள்ளிக்கொண்டிருந்த ஆள், ஆனால் நல்ல சம்பாத்தியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாடக மேடையிலிருந்து. மனைவியும் அவரும் சேர்ந்து வாட்வில் என்கிற பல்சுவை மேடைகளில் நிகழ்ச்சி செய்தார்கள். டேபிளுக்கு மேலே சாய்வாக ஒரு பெரிய கண்ணாடியைத் தொங்கவிட்டு, கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பந்து போகிற வழியைக் காட்டினார்கள். இன்றைக்கு யூடியூபில் மேலேயிருந்து எடுக்கிற கேமரா ஆங்கிள் இருக்கிறதே, அதற்கு அப்பன் இந்தக் கண்ணாடிதான்.

அவருக்கு அடுத்து வந்தவர் வில்லி மோஸ்கோனி. கோட்டு சூட்டு, ஒழுங்கு, கண்டிப்பு. 1941-க்கும் 1957-க்கும் நடுவில் 15 முறை உலக சாம்பியன். அவர் பெயர் சொன்னால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒரே எண்: 526. பந்தைக் குழியில் போட்டால் ஒரு புள்ளி, தவறினால் முறை போய்விடும் என்கிற ஆட்டத்தில், ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ந்து 526. இது எந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்திலும் நடக்கவில்லை சார். 1954 மார்ச்சில் ஒஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு சாதாரண ஹாலில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு ஜனங்களுக்குக் காட்டுவதற்காக ஆடின எக்ஸிபிஷன் ஆட்டத்தில் நடந்தது. ஜெயிக்க 200 போதும். அதைத் தாண்டியும் ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், இவரும் அடித்துக்கொண்டே இருந்தார். பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம்தான் சாட்சி. அந்த எண்ணைத் தாண்ட 2019 வரை ஆயிற்று: ஜான் ஷ்மிட் 626 அடித்தார், 2022-ல் ஜேசன் ஷா 714. இந்த இருவருமே போட்டியில் அடிக்கவில்லை, சாதனைக்கென்றே டேபிள் போட்டு, கேமரா வைத்து, நாள் கணக்கில் முயன்று அடித்தார்கள். அதாவது பூலின் மிகப் பிரபலமான சாதனையே ஒரு ஷோவில் பிறந்து இன்னொரு ஷோவில் முறிந்தது. அந்த மோஸ்கோனியை ஊர் ஊராக அனுப்பியது பிரன்ஸ்விக் கம்பெனி, காரணம் டேபிள் விற்கணும். உள்ளூர் கில்லாடியோடு ஒரு ஆட்டம், கடைசியில் கொஞ்சம் ட்ரிக் ஷாட், அப்புறம் அடுத்த ஊர்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஆள். ருடால்ஃப் வாண்டரோன். குண்டு உடம்பு, ஓயாத வாய், பந்தயத்துக்கு ஆடுகிறவர். பெரிய பட்டம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. 1961-ல் 'தி ஹஸ்லர்' படம் வந்தது, அதில் மினசோட்டா ஃபேட்ஸ் என்று ஒரு பாத்திரம். நம் ஆள் "அது நான்தான்யா" என்று கிளம்பிவிட்டார். அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு டிவி நிகழ்ச்சி, புத்தகம், விளம்பரம் என்று ஆயுசுக்கும் ஓட்டினார். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்து, திரையில் வரும் பல ஷாட்களை அடித்துக்கொடுத்தவர் மோஸ்கோனி. அவருக்கு வயிறு எரியாமல் இருக்குமா? 1978-ல் நியூயார்க்கில் இருவரையும் டிவி கேமரா முன்னால் மோதவிட்டார்கள். மோஸ்கோனி சுலபமாக ஜெயித்தார். ஃபேட்ஸ் வாயை மூடவே இல்லை. பார்த்தவர்கள் ரசித்தது யாரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பில்லியர்ட்ஸ் ஹால் ஆஃப் ஃபேமே 1984-ல் ஃபேட்ஸை உள்ளே எடுத்துக்கொண்டது, ஆட்டத்துக்காக இல்லை, ஆட்டத்தை ஜனங்களிடம் கொண்டுபோன சேவைக்காக. சரியான முடிவு என்பது என் கருத்து. மோஸ்கோனி ரசிகர்கள் கோபிக்கலாம், பரவாயில்லை.

இங்கே ஒன்று கவனியுங்கள். பந்தயத்துக்கு ஆடுகிறவன் பிழைப்பே திறமையை மறைப்பதில் இருக்கிறது. நன்றாக ஆடுவான் என்று தெரிந்துவிட்டால் எதிரே எவனும் காசு வைக்கமாட்டான். பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரெயஸ் 1985-ல் அமெரிக்காவுக்கு வந்தபோது சேசர் மொராலெஸ் என்கிற பொய்ப் பெயரில்தான் ஹூஸ்டனில் இறங்கினார், ஏனென்றால் அவர் கீர்த்தி அவருக்கு முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது. ட்ரிக் ஷாட்காரனுக்கு எதிர்ப்பாடம்: இருப்பதையெல்லாம், கொஞ்சம் சேர்த்தும், கடைவிரிக்கணும். டோர்னமென்ட் ஆட்டக்காரன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். டிவியில் முகம் தெரிந்துவிட்டதால் பந்தயமும் போச்சு, பரிசுப் பணமோ பயணச் செலவுக்கே இழுபறி.

ஸ்டீவ் மிஸராக் கதையைப் பாருங்கள். 1970 முதல் 73 வரை நாலு வருஷம் தொடர்ச்சியாக பூல் யூஎஸ் ஓபன் ஜெயித்த ஆள், தொழில் என்னவோ நியூ ஜெர்சியில் பள்ளிக்கூட வாத்தியார். பட்டங்கள் அவரைத் தெருவில் யாருக்கும் அடையாளம் காட்டவில்லை. 1978-ல் ஒரு பீர் விளம்பரத்தில், சும்மா ஷோ காட்டினாலே தாகம் எடுக்கிறதப்பா என்கிற தோரணையில் ஒரு ட்ரிக் ஷாட் அடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்க அவரைத் தெரியும்.

சரி, ட்ரிக் ஷாட்டில் ஏமாற்று இல்லையா என்றால், இருக்கிறது. அதையும் பேசிவிடுவோம். இதில் இரண்டு ஜாதி. ஒன்று அடுக்கி வைக்கிற ஷாட். இரண்டு பந்தை ஒன்றையொன்று தொட்டபடி வைத்தால், முன்னால் இருக்கும் பந்து கிட்டத்தட்ட அந்த இரண்டின் மையத்தையும் சேர்க்கும் கோட்டிலேயே போகும், நீங்கள் பின்பந்தைக் கொஞ்சம் இப்படி அப்படி அடித்தாலும் கவலையில்லை. ஆறு பந்தை அடுக்கி ஒரே அடியில் ஆறு குழிக்கும் அனுப்புகிற பட்டர்ஃபிளை ஷாட் இந்த வகை. அதில் உழைப்பு முழுக்க அடுக்குவதில்தான். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று பந்தை நகர்த்தி வைத்துக்கொடுத்தால் நீங்களும் அடிக்கலாம், நானும் அடிக்கலாம்.

இன்னொரு ஜாதி மாசே. கியூவைக் கிட்டத்தட்ட செங்குத்தாகத் தூக்கி, வெள்ளைப் பந்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக இறக்கணும். பந்து முன்னே ஓடும், ஒரு கணம் தயங்கும், அப்புறம் சுழற்சி துணியைப் பிடித்துக்கொண்டதும் வளைந்து திரும்பும், சில சமயம் புறப்பட்ட இடத்தையும் தாண்டி ஓடிவரும். ஓர் இழை தள்ளி அடித்தால் பந்து டேபிளை விட்டே பறந்துவிடும், இல்லாவிட்டால் துணி கிழியும். பல பூல் ஹால்களில் மாசே அடிக்கக் கூடாது என்று போர்டே மாட்டியிருப்பது அதனால்தான். ஒரு பக்கம் நின்று ஒருவர் இதை அடிப்பதைப் பார்த்தால், கை விழுகிற விதத்திலேயே தெரிந்துவிடும், இது வருஷக்கணக்கில் அடித்த கை என்று. இதற்குப் பந்தை அடுக்கி வைக்கிற வேலை எதுவும் உதவாது.

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த மைக் மாசி இந்த இரண்டாவது ஜாதியின் ராஜா. கௌபாய் பூட்ஸ் ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு, டேபிளில் இருக்கும் பந்தைக் கியூவால் எகிற வைத்து அதற்குள் போடுவார். கியூவே இல்லாமல் விரலால் முறுக்கிவிட்டும் பந்தை வளைப்பார். 2000-ல் இஎஸ்பிஎன் விளையாட்டு சேனல் ட்ரிக் ஷாட் மேஜிக் என்று ஒரு போட்டியைத் தொடங்கியதே, அதன் முதல் சாம்பியன் அவர். இவருக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் இருக்கிறது. "ஜெயிக்கச் சொல்லு பார்ப்போம்" கோஷ்டிக்கு ஒரு தகவல்: இதற்கும் ஆர்ட்டிஸ்டிக் பூல் என்று முறையான போட்டி உண்டு. ஷாட்டுக்கு ஷாட் கஷ்ட அளவு குறித்திருப்பார்கள், மூன்று முயற்சி தருவார்கள், ஒவ்வொரு தவறலுக்கும் புள்ளி குறையும். ரீலில் போல நூறு முறை தவறி ஒன்றை மட்டும் வெட்டிப் போடுகிற வசதி அங்கே கிடையாது.

ரீல் தலைமுறையில் பெரிய பெயர் ஃப்ளோரியன் கோலர், பட்டப்பெயர் வெனம். பிரான்ஸ்காரர். இவர் டோர்னமென்ட் வழியாக வரவே இல்லை, நேராக யூடியூபில் மாசே போட்டு லாஸ் வேகஸ் வரை போய்விட்டார். எடிட்டிங்கில் எத்தனை தவறல் மறைந்ததோ என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் மேடையில் ஆள்கள் முன்னால் அடிப்பதையும் அவர் செய்கிறார், அங்கே எடிட்டிங் இல்லை.

இப்போது 'நிஜமான' ஆட்டக்காரர்களின் பக்கம் வாருங்கள். 1996-ல் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் டாலஸில் ஒரு போட்டியில் தொடர்ந்து 11 ரேக்கை, அதாவது பந்தை அடுக்கி ஆடுகிற 11 சுற்றை, எதிராளிக்கு முறையே தராமல் முடித்தார். அப்படித் தொடர்ச்சியாக முடிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்திருந்தார்கள், இன்ஷூரன்ஸை நம்பி. இன்ஷூரன்ஸ்காரர்கள் தகராறு பண்ணினார்கள், வழக்கு, இழுத்தடிப்பு, கடைசியில் சமரசம். அதே வருஷம் ஹாங்காங்கில் அதே ஸ்ட்ரிக்லண்டை ரெயஸ் 120-117 என்று வென்று ஒரு லட்சம் டாலர் எடுத்தார். அதுவும் லீக் கிடையாது, இரண்டு பேரை மட்டும் வைத்து நடத்திய ஸ்பெஷல் ஷோ.

இதைவிடக் கொடுமை 2006. டிவியில் புத்தகமும் வைத்தியமும் விற்றுப் பணம் பண்ணிய கெவின் ட்ரூடோ, பூலை கோல்ஃப் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று ஐபிடி (இன்டர்நேஷனல் பூல் டூர்) என்று ஒரு தொடர் போட்டி ஆரம்பித்தார். அமெரிக்காவின் ரீனோ நகரில் முதல் பரிசு 5 லட்சம் டாலர், ஜெயித்தவர் ரெயஸ். காசோலை படமெல்லாம் எடுத்தாயிற்று. அப்புறம்தான் பணம் ஒரே தடவையில் வராது, தவணையில் வரும் என்று செய்தி. டூர் மூடிப்போனது. ட்ரூடோ வேறொரு விவகாரத்தில் நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2014-ல் பத்து வருஷத் தண்டனை வாங்கினார். வேலையை விட்டுவிட்டு வந்து அந்த டூரை நம்பியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

இன்று நிலைமை கொஞ்சம் தேவலை, ஒத்துக்கொள்கிறேன். 2024-ல் ஜெட்டாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஃபெடோர் கோர்ஸ்ட் இரண்டரை லட்சம் டாலர் வாங்கினார். ஆனால் அது சவூதிப் பணம். முன்பு டேபிள் கம்பெனி, பீர் கம்பெனி, டிவி வியாபாரி. இப்போது ஓர் அரசாங்கம். அவர்களுக்கு ஆர்வம் குறைந்தால் என்ன ஆகும் என்று எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் சிரிப்பார். ரெயஸைப் பாருங்கள், 67 வயதில் 2022-ல் ஹனோயில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்குப் போனார், பதக்கம் வாங்காமலே திரும்பினார், ஆனால் அவரைப் பார்க்க அரங்கம் நிரம்பி வழிந்தது. ஜனங்கள் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என்னைக் கேட்டால் மேட்ச்ரூம் மாதிரிப் பெரிய போட்டி நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம். கால் இறுதிக்கும் அரை இறுதிக்கும் நடுவில் டேபிள் சும்மாதானே கிடக்கிறது, விளம்பரத்தை ஓட்டுவதற்குப் பதில் நாலு ஆர்ட்டிஸ்டிக் பூல்காரர்களைக் கூப்பிட்டு, மூன்று முயற்சி விதியோடு, நேரலையில் ஆடவிடுங்கள். ஓசியில் வேண்டாம், 'உங்களுக்கும் பப்ளிசிட்டிதானே' என்கிற பேச்சும் வேண்டாம், காலிறுதியில் தோற்றவனுக்குக் கொடுக்கிற அதே தொகையைக் கொடுங்கள்.