உயரத்தில் நின்றால் மனசு விரியுமா?

விண்வெளிக்குப் போய் வந்தவர்கள் பலரும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் சொல்கிறார்கள். எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை, கீழே நடக்கும் சண்டையெல்லாம் அற்பமாகப் பட்டது என்று. பிராங்க் ஒயிட் என்ற அமெரிக்கர் 1987-இல் இதற்கு ‘ஓவர்வியூ எஃபெக்ட்’ என்று பெயர் வைத்துப் புத்தகமே போட்டார். 2007 அக்டோபரில் மலேசியாவின் முதல் விண்வெளி வீரரான நம் டாக்டர் ஷேக் முஸாபார் ரஷ்யாவின் சோயூஸ் விண்கலத்தில் ஏறிய இரவு, இங்கே பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைகளிலும் டிவி முன்னால் கூட்டம்தான்.

ஆனால் உயரம்தான் மனிதனை மாற்றுகிறது என்றால் எனக்கு ஒப்பவில்லை. அப்படியென்றால் எங்கள் ரப்பர் எஸ்டேட் துரைமார் எல்லாரும் ஞானிகளாகியிருக்க வேண்டும். பங்களா மேட்டின்மேல் இருந்தது. வராந்தாவில் நின்றால் தொழிலாளர் குடியிருந்த லயங்கள், அவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை, கோயில், அதற்கப்பால் பால்மரக்காடு, எல்லாம் ஒரே பார்வையில் விழும். அங்கிருந்து அவர்கள் பார்த்தது ஆள்கணக்கைத்தான். இருட்டோடு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற என் பாட்டியின் முழங்கால் வலி அந்த மேட்டுக்கு எட்டவே இல்லை.

அப்புறம் விண்வெளி வீரர்களை எது மாற்றுகிறது? காற்று என்பேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றுகிறார்கள். ஒரு நாளில் 16 விடியல். ஒவ்வொரு விடியலிலும் பூமியின் ஓரத்தில் மெல்லிய நீலக் கீற்று ஒன்று தெரியும். நாம் மூச்சுவிடும் காற்று மொத்தமும் அதற்குள்தான். அவர்கள் இருக்கும் கலத்திலோ இயந்திரம் ஓடினால்தான் மூச்சு. லயத்தில் என்ன ஆனாலும் துரைக்கு ஊருக்குக் கப்பல் இருந்தது. இவர்களுக்குத் திரும்பிப்போக அந்தக் கீற்றுக்குக் கீழே உள்ள இடத்தை விட்டால் வேறு இல்லை.

எல்லை தெரியாது என்பதும் முழுக்கச் சரியில்லை. 2011-இல் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த இரவுப் படத்தில், இந்திய–பாகிஸ்தான் எல்லை காவல் விளக்குகளால் ஆரஞ்சுக் கோடாக நெளிகிறது.

காற்றுக்கு எல்லை இல்லை என்று தெரிந்துகொள்ள நமக்கு ராக்கெட்டும் வேண்டியதில்லை. 2015-இல் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடு எரிய, இங்கே பள்ளிகளை மூடினார்கள். வீட்டில் பிள்ளைகள் இருமிக்கொண்டே கிடந்தார்கள். கடையில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் இந்தோனேசியாவைத் திட்டித் தீர்த்தார்கள். அங்கே நம் நாட்டுக் கம்பெனிகளுக்கும் செம்பனைத் தோட்டங்கள் உண்டு என்றேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.