விரிவாக்கத்துக்கும் அனுமதி வேண்டும்

ஏற்கெனவே இருக்கும் கட்டடத்தை விரிவாக்குபவர்கள், ‘புதிதாகச் சேர்க்கும் கடைகள், அலுவலகங்கள் சேர்ந்து 8,000 சதுர மீட்டர்தான். 20,000-க்குக் கீழே இருப்பதால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை’ என்று சொல்வது தவறு. தயவுசெய்து இதைப் பரப்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின்படி, விரிவாக்கத்துக்குப் பின் வரும் மொத்தப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே 15,000 இருந்தால் மொத்தம் 23,000 ஆகிவிடும். அப்புறம், எல்லாத் தளங்களும் கணக்கில் வரும். அடித்தள கார் பார்க்கிங்கும் சேர்த்துத்தான். தளப்பரப்புக் குறியீட்டுக் கணக்கை (FSI, மனையின் அளவுக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) இங்கே கொண்டுவந்து போட முடியாது, பலரும் குழம்புவது இதில்தான். மொத்தம் 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டால், நகரியம் (township) போன்ற பெரிய திட்டங்களுக்கான பிரிவுக்கே போய்விடும். அனுமதியை வேலை தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். கழிவுநீர் எங்கே போகும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அக்கம்பக்கத்தார் கேட்பது நியாயமான கேள்வி.